லாக் தகடு சொல்லும் ஆண்டு, குழல் சொல்லும் ஆண்டு

பழைய துப்பாக்கி ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது அதன் பக்கத் தகட்டுக்குத்தான். குதிரைக்கு முன்னால் ‘டவர் 1862’ என்று பொறித்திருக்கும். பின்னால் ஒரு கிரீடம். உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: லண்டன் டவர் கோட்டையில் 1862இல் செய்யப்பட்ட பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி. இந்த ஒற்றை வரியில் ஊர், ஆண்டு, ராணுவம் மூன்றுமே தப்பாக இருக்க வாய்ப்புண்டு. பர்மிங்காம் வியாபாரி ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போருக்காகக் கப்பலேற்றிய சரக்காக அது இருக்கலாம். லண்டனைக் கண்ணால் பார்த்திராத எல்லைப்புறக் கொல்லர் ஒருவர் அடித்ததாக இருக்கலாம். 1970களில் இத்தாலியில் செய்த நகலாகக்கூட இருக்கலாம்.

முன்வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டித்து, செப்புக் கேப்பை வைத்துச் சுடும் புரிக்குழல் துப்பாக்கிகளின் வயதை எதைக் கொண்டு சொல்வது என்பதில் சேகரிப்பாளர்களுக்குள் பழைய வழக்கு உண்டு. லாக் தகட்டில் இருப்பதே எழுத்துப்பூர்வமான சாட்சி என்பது ஒரு கட்சி. என் கட்சி வேறு. குதிரையும் வில்லும் பொருந்திய அந்தத் தகடு, இரண்டு திருகைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் உறுப்பு. உடைந்தால் மாற்றுவார்கள், மாற்றியது எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. குழல் அப்படியல்ல. அதுதான் விலை கூடிய உறுப்பு. பல நாடுகளில் சட்டப்படி சோதித்து முத்திரை குத்தப்பட்ட உறுப்பும் அதுவே. ஆகவே குழலில் தொடங்கி, மரக்கட்டைக்குப் போய், எல்லாம் முடிந்தபின் லாக்கை விசாரிப்பதே சரியான வரிசை என்பேன்.

அதற்கு முன் கேப்பின் காலத்தை வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கத்து ஊரான பெல்ஹெல்வியின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித், அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். பறவை வேட்டையில் பிரியமுள்ளவர். சிக்கிமுக்கிக் கல்லின் பொறியைக் கண்டதும் குண்டு வந்து சேருமுன் பறவை எழும்பிவிடுகிறதே என்ற எரிச்சலே அவரை இதில் இறக்கியது என்பார்கள். அவருடைய அமைப்பு அத்திப்பூச் சரக்கு. இன்று கிடைப்பது அருமை. நாம் காண்பதெல்லாம் அதன் பின் வந்த, வெடிக்கும் ரசாயனத்தை உள்ளே அடைத்த சிறு செப்பு மூடியான கேப். அது 1820களில் பரவியது. ஜோஷுவா ஷா அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1822இல். பிரிட்டிஷ் படை 1830களின் இறுதியிலிருந்து மெல்ல மெல்லக் கேப்புக்கு மாறியது. 1866 முதல் ஸ்னைடர் முறையில் பின்வாய் திறந்து தோட்டா போடத் தொடங்கியதும், படையைப் பொறுத்தவரை முன்வாய்த் துப்பாக்கியின் கதை முடிந்தது.

படைக்கு அவ்வளவுதான். நாட்டுப்புறத்துக்கு அப்படி ஒரு முடிவு வரவே இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் பட்டறைகள் ஆப்பிரிக்க வியாபாரத்துக்கென்று 20ஆம் நூற்றாண்டிலும் முன்வாய்த் துப்பாக்கிகளைச் செய்து அனுப்பின. நம் கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தி இன்றும் நாளிதழில் வருகிறது. எனவே கேப் இருக்கிறது என்பது ஆண்டுக்கு ஒரு கீழ் எல்லையைத்தான் கொடுக்கும். 1820க்கு முன் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லும். அதற்குப் பின் எப்போது என்று சொல்லாது.

குழலுக்கு வருவோம். முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. கருமருந்து ஈரம் படாமல் அடைபட்டிருந்தால் நூறு ஆண்டு கழித்தும் பற்றும். சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கிதானே என்று எண்ண வேண்டாம். கெஜக்கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே கோலில் ஒரு குறி வையுங்கள். பிறகு அதே நீளத்தைக் குழலின் வெளிப்புறத்தில் பிடித்துப் பாருங்கள். கோலின் முனை, கேப் மாட்டும் நிப்பிள் இருக்கும் இடம்வரை வரவேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே கெட்டித்தது அப்படியே இருக்கிறது என்று பொருள். அதன் பிறகு அந்தத் துப்பாக்கியைத் தொட வேண்டியவர் நீங்கள் அல்ல, விவரம் தெரிந்த துப்பாக்கிப் பட்டறைக்காரர்.

குழல் காலி என்று உறுதியானபின் முத்திரைகளைத் தேடலாம். இங்கிலாந்தில் லண்டன் துப்பாக்கியாளர் கம்பெனிக்கு 1637 முதல் அரச சாசனம் உண்டு. பர்மிங்காமுக்கென்று தனிச் சோதனைச் சாலை 1813இல் சட்டப்படி ஏற்பட்டது. வழக்கமான அளவைவிட அதிக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டும் முத்திரை. பர்மிங்காம் முத்திரையில் கிரீடத்தின் கீழ் இரண்டு செங்கோல்கள் குறுக்காகக் கிடக்கும். இப்படி இரண்டு முத்திரைகள் இருக்கும்: ஒன்றில் குறுக்கின் இடைவெளியில் ‘வி’ என்ற எழுத்து, மற்றொன்றின் இடைவெளிகளில் ‘பி, சி, பி’ என்ற எழுத்துகள். இந்த வடிவம் 1813இலிருந்து 1904வரை வழக்கில் இருந்தது. 1904க்குப் பின் கிரீடத்தின் கீழ் ‘பி.பி.’, ‘பி.வி.’ என்று எளிய முத்திரைகள் வந்தன. லண்டன் முத்திரையில் கிரீடமிட்ட ‘ஜி.பி.’ பின்னலும் கிரீடமிட்ட ‘வி’யும் இருக்கும். ஆக, குறுக்குச் செங்கோலைப் பார்த்தவுடன் இரண்டு செய்திகள் கிடைத்துவிடுகின்றன: குழல் பர்மிங்காமில் சோதனை ஆனது, 1904க்கு முந்தையது.

பர்மிங்காமின் அந்த இரண்டு முத்திரைகளுக்கும் நடுவே சின்னதாக ஓர் எண் இருக்கும். பலர் அதை வரிசை எண் என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். அது குழலின் துளை அளவு: இந்தத் துளைக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் ஓர் இராத்தலுக்கு எத்தனை என்ற கணக்கு. என்ஃபீல்டு ரைஃபிள்களின் துளை 0.577 அங்குலம். இராத்தலுக்கு 24 என்ற அளவுக்கு 0.579 அங்குலம் வேண்டும், 25க்கு 0.571 போதும். 24இன் அளவுக்கட்டை உள்ளே போகாது, 25இன் கட்டை போகும். ஆகையால் 25 என்று குத்திவிடுவார்கள். தனியார் வியாபாரத்துக்குச் செய்த என்ஃபீல்டு குழல்களில் 25 அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுதான். எண் 25, துளை அளந்தால் 0.65 என்றால் யாரோ பின்னால் குடைந்திருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

லியேஜ் குழல் என்றால் இன்னும் எளிது. முட்டை வடிவக் கோட்டுக்குள் ‘ஈ.எல்.ஜி.’ எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும் இருக்கும். 1893இல் அந்த முட்டையின் தலையில் ஒரு கிரீடத்தைச் சேர்த்தார்கள். கிரீடம் இல்லையென்றால் 1893க்கு முன், இருந்தால் பின். ‘என் கொள்ளுத்தாத்தா சிப்பாய்க் கலகத்தில் பறித்தது’ என்ற குடும்பக் கதையோடு வரும் துப்பாக்கியில் இந்தக் கிரீடம் இருந்தால், கதையை எங்கே நிறுத்துவது என்பது சொல்கிறவரின் முகத்தைப் பொறுத்தது.

அமெரிக்காவில் இந்த வசதி இல்லை. தனியார் துப்பாக்கிக்கு அங்கே கட்டாயச் சோதனை முத்திரை கிடையாது. அங்கே குழலின் மேல்பட்டையில் பொறித்த கைவினைஞரின் பெயரும் அவர் தொழில் நடத்திய ஆண்டுகளுமே ஆதாரம். செயின்ட் லூயிஸ் நகரின் ஹாக்கன் சகோதரர்கள் நல்ல உதாரணம். மூத்தவர் ஜேக்கப் 1849இல் காலராவில் இறந்தார். ‘ஜே. அண்ட் எஸ். ஹாக்கன்’ என்றிருந்தால் இருவரும் சேர்ந்து நடத்திய காலம், ‘எஸ். ஹாக்கன்’ மட்டும் என்றால் பொதுவாக அதற்குப் பின். தம்பி சாமுவேல் 1859இல் டென்வர் போனார். கடை 1862இல் கெம்மர் என்பவரிடம் சென்றது. பெயர் இல்லாத அமெரிக்கக் குழலைக் கட்டையிலிருந்து எடுத்து அடிப்புறத்தைப் பார்த்தால் சில சமயம் ‘ரெமிங்டன்’ என்றிருக்கும். நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரிலிருந்து அந்தக் குடும்பம் வெறும் குழல்களை ஊர் ஊராகத் துப்பாக்கிக் கொல்லர்களுக்கு விற்றது. குழலை விற்றவர் பெயர் அது. துப்பாக்கியைச் செய்தவர் பெயர் வேறு.

முத்திரைக்கு அடுத்தது அளவு. இந்தியாவில் கிடைக்கும் ராணுவக் கேப்பு ரைஃபிள்களில் ஆராயத் தகுந்தவை பெரும்பாலும் 1853 மாதிரி என்ஃபீல்டு குடும்பத்தைச் சேர்ந்தவை. நெடிய காலாட்படைத் துப்பாக்கிக்குக் குழல் 39 அங்குலம், கட்டையோடு பிணைக்க மூன்று வளையங்கள். 1856இல் வந்த குட்டை ரைஃபிளுக்கு 33 அங்குலம், இரண்டு வளையங்கள். பீரங்கிப் படைக் கார்பைனுக்கு 24, குதிரைப் படைக்கு 21 அங்குலம். உள்ளே நெடிய துப்பாக்கிக்கு மூன்று புரிப்பள்ளங்கள். 78 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. கடற்படைக்கு 1858இல் வந்த குட்டை ரைஃபிளில் ஐந்து பள்ளங்கள். 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1860, 1861 மாதிரிக் குட்டை ரைஃபிள்களும் ஐந்து பள்ளத்தையே எடுத்துக்கொண்டன.

சுற்றை அளக்கக் கருவி ஏதும் வேண்டாம். கெஜக்கோலின் நுனியில் ஈரத்துணியை இறுக்கமாகச் சுற்றி, கோலின் பிடியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கோல் தன்போக்கில் சுழலும்படி மெதுவாக உள்ளே தள்ளுங்கள். 39 அங்குல என்ஃபீல்டில் வாயிலிருந்து அடிவரை போகும்போது கோடு சரியாக அரைச் சுற்று திரும்பி மறுபக்கம் வந்து நிற்கும். கடற்படைக் குட்டை ரைஃபிளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலாகவே திரும்பிவிடும். நெடிய துப்பாக்கியை வெட்டிக் குட்டை ரைஃபிள் என்று விற்பது பழைய தந்திரம். வெட்டிய இடத்தை எவ்வளவு நன்றாக மறைத்தாலும், உள்ளே ஓடும் புரியின் வேகத்தை மாற்ற முடியாது.

கோல் சுழலவே இல்லை, வழுக்கிக்கொண்டு நேராகப் போகிறது என்றால் இன்னொரு கதை திறக்கிறது. இந்திய வாசகருக்கு மிக நெருக்கமான கதையும் அதுதான்.

1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டமில் எழுந்த வதந்தி இந்த 1853 மாதிரித் துப்பாக்கியின் காகிதத் தோட்டாவைப் பற்றியது. அதில் தடவிய கொழுப்பு பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற கேள்வி. பல்லால் கடித்துத்தான் அதைக் கிழிக்க வேண்டும். அப்போது டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று முகாம்களில் பயிற்சிக்காகத்தான் புதிய ரைஃபிள் வந்திருந்தது. பெரும்பாலான சிப்பாய்களின் கையில் இருந்தவை பழைய வழுவழுப்புக் குழல் மஸ்கட்டுகள். கலகம் அடங்கியபின் ஆட்சியாளர்கள் எடுத்த முடிவு கசப்பானது: இந்தியச் சிப்பாய்க்கு இனிப் புரிக்குழல் கிடையாது. ஆனால் ஏற்கெனவே செய்து வைத்த என்ஃபீல்டுகளை என்ன செய்வது? குழலின் புரியைக் குடைந்தெடுத்து 0.656 அங்குல வழுவழுப்புத் துளையாக்கினார்கள். தூரக் குறி இனித் தேவையில்லை என்பதால், 900 கஜம்வரை அளவு குறித்த ஏணிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு அசையாத ஒரு சிறு இரும்புக் கட்டையை வைத்தார்கள். 1858 மாதிரி இந்திய மஸ்கட் என்பது இதுதான். குடைந்ததால் குழலின் சுவர் மெலிந்து நெளிந்தது. அதனால் 1859 மாதிரியில் சுவரைத் தடிப்பாக்கினார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இவை அச்சு அசல் என்ஃபீல்டு ரைஃபிள். ‘1857 கலகத்துக்குக் காரணமான துப்பாக்கி’ என்று இவற்றை விற்பார்கள், காட்சிக்கும் வைப்பார்கள். உண்மையில் கலகத்தின் விளைவாகப் பிறந்த துப்பாக்கி இது. காரணமும் விளைவும் இப்படி இடம் மாறிப் போவதைத் தடுக்க ஒரு கைவிளக்கு போதும்: வாய்க்குள் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து, பின்குறி ஏணியா கட்டையா என்று பார்த்தால் முடிந்தது. லாக் தகட்டில் என்ன ஆண்டு இருக்கிறது என்பது இந்த விஷயத்தில் உதவாது. அங்கே 1856 என்றுகூட இருக்கலாம். அது துப்பாக்கி முதலில் பிறந்த ஆண்டு.

இனிக் கட்டையும் திருகும். என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை 1850களில் அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களை வாங்கி, 1850களின் பிற்பகுதியில் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடிய உறுப்புகளைச் செய்யத் தொடங்கியது. பர்மிங்காம் தெருக்களில் அப்படி இல்லை. குழலுக்கு ஒருவர், லாக்குக்கு ஒருவர், கட்டைக்கு ஒருவர், திருகுக்கு ஒருவர் என்று பல வீடுகளில் வேலை நடந்து, கடைசியில் ஒருவர் அரத்தால் ராவிப் பொருத்துவார். ஒரு துப்பாக்கியின் திருகு அடுத்த துப்பாக்கிக்குச் சேராது. அதனால் கலந்துவிடாமல் இருக்க, அந்தந்தத் துப்பாக்கியின் உறுப்புகளில் ஒரே மாதிரிச் சிறு வெட்டுக்குறிகளைப் போட்டு வைத்தார்கள்: மூன்று கோடு என்றால் லாக்கின் உட்புறத்திலும் மூன்று, திருகுத் தண்டிலும் மூன்று, வளையத்திலும் மூன்று. எல்லாத் திருகிலும் மூன்று கோடு, லாக்கில் மட்டும் ஐந்து என்றால் லாக் பிற்பாடு வந்து சேர்ந்தது. இதைவிட நேர்மையான சாட்சி துப்பாக்கியில் வேறில்லை. விற்கும்போது யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் யாரும் பொய் எழுதி வைப்பதில்லை.

மரக்கட்டையின் வலப்பக்கத்தில் வட்ட முத்திரை இருந்தால், அரசுச் சொத்துக்கான அகல அம்புக் குறி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அம்போடு ‘பி.ஓ.’ என்று இருந்தால் அது படைக்கல வாரியம். அந்த வாரியம் 1855இல் கலைக்கப்பட்டது. ‘டபிள்யூ.டி.’ என்றால் அதன் பின் வந்த போர்த்துறை. இரண்டு அம்புகள் முனையோடு முனை எதிரெதிராகக் குத்தப்பட்டிருந்தால், அரசு அதைக் கழித்து விற்றுவிட்டது.

வளையங்களைக் கொண்டும் ஆண்டு சொல்வார்கள். முதலில் திருகு வைத்த வளையம், பிறகு வில்லால் நிற்கும் முழு வளையம், பிறகு மறுபடியும் திருகு, கடைசியில் திருகின் இரு முனைகளும் உள்ளே பதிந்து துணியில் சிக்காத பேடலி வளையம். சேகரிப்பாளர்கள் இதை வைத்து முதல் வகை, இரண்டாம் வகை என்று நான்கு வகை பிரிக்கிறார்கள். அந்தத் துப்பாக்கியைச் சுமந்த சிப்பாய்க்கு இந்த வகைப் பெயர் ஒன்றும் தெரியாது; பிற்காலத்தார் வைத்தது. அரசுத் துப்பாக்கிக்கு ஓரளவு பொருந்தும் இந்தப் பிரிவு, கையிருப்பில் இருந்த வளையத்தை எடுத்து மாட்டிய பர்மிங்காம் வியாபாரச் சரக்குக்குச் சரிவராது. இதை நான் துணைச் சாட்சியாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

இப்போது லாக். அரசுத் துப்பாக்கியில் குதிரைக்குப் பின்னால் கிரீடமும் அதன் கீழ் ‘வி.ஆர்.’ என்ற விக்டோரியா அரசியின் எழுத்துகளும் இருக்கும். தனியார் சரக்கில் கிரீடம் மட்டும் இருக்கும், எழுத்து இருக்காது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே ‘ராணுவத் துப்பாக்கி’ என்ற தீர்ப்பில் பாதி குறைந்துவிடும். ‘டவர்’ என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் ஊர்ப்பெயர் என்ற பொருள் தேய்ந்து, தரப்பெயர் என்ற பொருள் வந்துவிட்டிருந்தது. பர்மிங்காமின் பேகட் தெருவில் இருந்த அரசுப் பரிசோதனைக் கூடத்தையே ‘டவர்’ என்றுதான் அழைத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் சேர்ந்து சுமார் 9 லட்சம் என்ஃபீல்டுகளை வாங்கியதாகக் கணக்கு. அவற்றில் பெரும்பகுதி இந்தக் கிரீடமும் ‘டவர்’ பெயரும் மட்டும் கொண்ட சரக்கு. 1861, 1862, 1863 என்ற ஆண்டுகள் உலகம் முழுவதும் இவ்வளவு மலிந்து கிடப்பதும் அதனால்தான்.

‘விண்ட்சர்’ என்ற தகடு அதைவிட வேடிக்கை. அரசியின் கோட்டையை நினைத்துப் பூரித்துப் போகிறவர்கள் உண்டு. அது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள விண்ட்சர். கிரிமியப் போரின் நெருக்கடியில் பிரிட்டன் அங்கே ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் கம்பெனியிடம் 25,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. கம்பெனி 1856இல் திவாலானது. ஒப்பந்த எண்ணிக்கை முழுதாக வந்து சேரவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் லாக்கில் கிரீடம் ஏந்தி நிமிர்ந்து நிற்கும் சிங்கம் இருக்கும். முந்தைய இதய வடிவக் குறியை விட்டு, 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சிங்கத்துக்கு மாறினார்கள். 1858இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து அரசியிடம் போனது. ஆனால் எல்லைப்புறக் கொல்லர்கள் அதன் பிறகும் நெடுங்காலம் சிங்கத்தைச் செதுக்கிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சிங்கங்களில் சில நாய் போலவும் சில பல்லி போலவும் இருக்கும். ஆங்கிலம் அறியாத கை பொறித்ததற்கு இன்னொரு அடையாளம் ‘என்’ எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்பது. இன்றைய பாகிஸ்தானின் டாரா ஆதம் கேல் போன்ற எல்லைப்புற ஊர்களின் கைவேலை என்று கருத அது போதும்.

அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளில் லாக்கின் பொய் இன்னும் கூடுதல். ‘கோல்ச்சர்’ என்ற பெயர் பொறித்த துப்பாக்கிகள் அங்கே எண்ணிலடங்காதவை. அந்தக் குடும்பத்தார் லாக் செய்து விற்றவர்கள். அந்த லாக்கை வாங்கிப் பொருத்திய ஊர்க் கொல்லர் வேறு ஆள். பெயரைப் பார்த்து ‘கோல்ச்சர் துப்பாக்கி’ என்று பதிவு செய்தவர்கள், செய்தவரின் பெயரைத் தொலைத்துவிடுகிறார்கள். லண்டன் மேல்தட்டுச் சரக்கில் மட்டும் பெயரும் முகவரியும் நம்பத்தக்கவை. பர்டே கம்பெனி 314½, ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 1820களின் இறுதியிலிருந்து 1882வரை இருந்தது. ‘அண்ட் சன்ஸ்’ சேர்ந்தது 1877இல். அந்த முகவரியோடு ‘அண்ட் சன்ஸ்’ இருந்தால் ஐந்தாண்டுக்குள் வந்துவிடலாம். கல்கத்தாவின் ராடா போன்ற கம்பெனிகளின் பெயர் இருந்தால் பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். குழலின் அடிப்புறத்தில் பர்மிங்காம் செங்கோல்கள் கிடக்கக்கூடும்.

சிக்கிமுக்கியிலிருந்து கேப்புக்கு மாற்றிய துப்பாக்கிகள் தனி இனம். லாக் தகட்டின் முன்பகுதியில், மருந்துக் கிண்ணமும் அதன் வில்லும் இருந்த இடத்தில், திருகுத் துளைகளை இரும்பால் அடைத்து ராவியிருப்பார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த வட்டங்கள் தெரியும். குழலின் பக்கத்தில் பழைய தீத்துளை இருந்த இடத்தில் ஓர் உருளையைத் திருகி, அதன் மேல் நிப்பிளை நட்டிருப்பார்கள். இவற்றுக்கு இரண்டு பிறந்தநாள் எழுதுவதே முறை. சில சமயம் பேராசையால் இதைத் தலைகீழாகவும் செய்வார்கள்: கேப்புத் துப்பாக்கியைச் சிக்கிமுக்கியாக்கினால் விலை கூடும் என்று.

துப்பாக்கி விற்றுக் கைமாறிப் போன இடங்களும் முத்திரை குத்தும். அமெரிக்கப் போர் முடிந்தபின் மிஞ்சிய என்ஃபீல்டுகள் ஜப்பானுக்குப் போயின. 1872இல் ஜப்பானிய அரசு நாட்டிலுள்ள துப்பாக்கிகளைப் பதிவு செய்தபோது, அந்த ஆண்டின் பெயரான ‘ஜின்ஷின்’ என்ற எழுத்துகளையும் பதிவு எண்ணையும் குழலில் பொறித்தார்கள். அந்த எழுத்து இருந்தால் 1872இல் துப்பாக்கி ஜப்பானில் இருந்தது உறுதி. நேபாளம் இன்னொரு பக்கம். காட்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனைக் கிடங்கில் தேங்கிக் கிடந்த ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை 2003இல் அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கிப் போனார்கள். பிரிட்டிஷ் மாதிரிகளைப் பார்த்து நேபாளத்திலேயே செய்தவையும் அவற்றில் ஏராளம். அவற்றில் தேவநாகரி இலக்கத்தில் ஆண்டு இருந்தால் அது விக்ரம சம்வத். 1921 என்று படித்துவிட்டு ‘இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு’ என்று ஒதுக்கக் கூடாது. 57ஐக் கழித்தால் 1864 வரும்.

நகல்களைக் கண்டுபிடிப்பது இவ்வளவுக்கும் பிறகு சுலபம். இத்தாலிய நகலில் ‘பி.என்.’ என்ற கருமருந்து முத்திரையும், 1975 முதல் ஒரு சதுரத்துக்குள் இரண்டு எழுத்துகளும் இருக்கும். ‘ஏ.ஏ.’ என்றால் 1975, ‘ஏ.பி.’ என்றால் 1976. இவற்றை ராவி எடுத்துவிட்டு விற்பவர்களும் உண்டு. ராவிய இடத்தில் குழல் லேசாகத் தட்டையாகிவிடும், விரல் வைத்தாலே தெரியும். திருகின் புரி மில்லிமீட்டர் அளவில் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

முத்திரைகள் தெரியவில்லையே என்று உப்புத்தாளை எடுப்பவர்களைத் தடுக்க வேண்டும். பழைய என்ஃபீல்டின் குழலில் துருவோடு சேர்ந்த பழுப்பு நிறத்தைத் தேய்த்து வெள்ளி போலப் பளபளப்பாக்கும் பழக்கம் நம் ஜமீன் வீடுகளில் நிறைய உண்டு. அத்தோடு ஆழம் குறைந்த முத்திரைகளும் போய்விடுகின்றன. லேசாக எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, மெல்லிய துணியால் துடைத்து, இருட்டறையில் கைவிளக்கைக் குழலோடு படுக்க வைத்தாற்போலப் பிடித்தால் போதும். நேர் வெளிச்சத்தில் மறையும் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும்.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டறிந்த ஆண்டுக்கு அமெரிக்கச் சட்டத்தில் நேரடி மதிப்பு உண்டு. 1898இலோ அதற்கு முன்போ செய்தது என்றால் அது தொல்பொருள். கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டத்தின் பெரும்பாலான கட்டுப்பாடுகள் அதற்கில்லை. இந்தியாவில் அப்படி எல்லை ஆண்டு கிடையாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் பழைய மாதிரி ஆயுதத்துக்கும் தொல்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கும் விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதனால் சுட முடியாது என்றிருந்தால் மட்டுமே. கருமருந்தும் கேப்பும் கிடைத்தால் சுடக்கூடிய நல்ல 1862ஆம் ஆண்டுத் துப்பாக்கி, சட்டத்தின் கண்ணுக்கு உரிமம் வேண்டிய துப்பாக்கிதான். நாட்டைவிட்டு வெளியே அனுப்பலாமா என்று கேட்டால், அங்கே 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வருகிறது: நூறு ஆண்டு தாண்டிய பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக்கூடாது. ஆக, குழல் 1904க்கு முந்தைய செங்கோல் முத்திரையைக் காட்டினால் அது வெளிநாடு போக முடியாது. அதே துப்பாக்கியின் லாக் 1970களின் நகல் என்று பிறகு தெரியவந்தாலும், சுங்க அதிகாரி குழலைத்தான் பார்ப்பார்.